துடக்கு வீட்டில் ஒரு பச்சைப் புள்ளி

என்ன வேலை செய்கிறாய் என்று எங்கள் ஊர் கரம்பொனில் யாராவது கேட்டால், "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். விளங்கப்படுத்த எனக்கு அலுப்பு. ஒருமுறை மட்டும், சந்திக் கடை அண்ணை விடாமல் கேட்டார் என்பதற்காக, உள்ளதைச் சொன்னேன். போனில் பாட்டுக் கேட்கிற செயலி ஒன்று இருக்கிறது, அதில் ஒருவர் கேட்கும் பாட்டை மற்றவர்களுக்குக் காட்டுகிற பகுதியை வடிவமைப்பதுதான் என் வேலை என்றேன். அவர் பாணைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"அதுக்கும் சம்பளம் தருவினமோ பிள்ளை?"

தருவார்கள். அதனால்தான் செய்கிறேன்.

கம்பனி வெளிநாட்டில் இருக்கிறது. என் மேசையும் கதிரையும் குசினிக்குப் பக்கத்து அறையில் இருக்கின்றன. என் கணவர் காலையில் பஸ் ஏறிப் பட்டணத்தில் ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போய் பின்னேரம் திரும்புவார். அவர் சப்பாத்தைக் கழற்றும் நேரத்தில்தான் எனக்கு மீட்டிங் தொடங்கும். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் சிக்னல் போய்ப்போய் வரும். "கேட்குதா, கேட்குதா" என்று நான் திரையைப் பார்த்துக் கத்துவதைக் கேட்டு, வேலிக்கு அந்தப் பக்கத்து அக்கா எனக்கு விசர் பிடித்துவிட்டதாக முதலில் நினைத்திருந்தாராம். அவவிலும் பிழை சொல்ல ஏலாது.

நான் செய்தவற்றில் கம்பனிக்கு மிகவும் பிடித்தது பச்சைப் புள்ளி. நீங்கள் பாட்டுக் கேட்கத் தொடங்கினால், உங்களைத் தெரிந்தவர்களின் போனில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அதற்குக் கீழே பாட்டின் பெயர் வரும். அவ்வளவுதான். ஆனால் அந்தப் புள்ளிக்காக நாங்கள் எத்தனை மீட்டிங் வைத்தோம்! பச்சை எந்தப் பச்சை, பெயருக்கு இடப்பக்கமா வலப்பக்கமா, பாட்டு முடிந்ததும் உடனே அணைவதா மெல்ல மங்குவதா என்று மாதக்கணக்காக மினக்கெட்டோம். அதை அணைக்கிற சுவிட்சை எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் ஒரே ஒரு மீட்டிங் நடந்தது. முதல் பக்கத்திலேயே வைப்போம் என்று நான் சொன்னேன். எங்கள் குழுத் தலைவர் சிரித்த முகமுள்ள மனிதர். சிரித்துக்கொண்டே சொன்னார்: கண்ணில் பட்டால் அணைத்துவிடுவார்கள்.

ஆகவே அது உள்ளே போனது. உங்கள் படத்தைத் தட்டி, கீழே இறங்கி, ஒரு கதவைத் திறந்து, இன்னும் கீழே இறங்கி, இன்னொரு கதவைத் திறந்து, கடைசி வரியில் பார்த்தால் இருக்கும். நான் என்னுடைய புள்ளியை அன்றே அணைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் அந்தப் புள்ளியை விரும்பிய ஒரே ஆள் என் மச்சாள். கணவரின் தங்கை. கனடாவில் இருக்கிறா. குடும்பம் முழுவதற்குமாக அந்தச் செயலியை வாங்கி, எங்கள் எல்லோரையும் அதில் சேர்த்தவவும் அவதான். தன் தாய்க்கு, என் மாமிக்கு, ஒரு போனும் அனுப்பி, அதில் பெயரை 'அம்மா' என்றே பதிந்திருந்தா. என் மாமனார் காலையில் குளித்து, சுவாமி அறையில் இருந்தவுடன், மாமி அந்தப் போனில் தேவாரத்தைப் போட்டுப் படத்தட்டுக்குப் பக்கத்தில் வைப்பா. அப்போது கனடாவில் இரவுச் சாப்பாட்டு நேரம். மச்சாளின் போனில் 'அம்மா' என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும்.

"அப்பா பூசைக்கு இருந்திட்டார் எண்டு எனக்கு உடனை தெரியும் மச்சாள். போன் எடுக்கவே தேவையில்லை. அந்தப் புள்ளியைப் பாத்திட்டுத்தான் நான் சோத்திலை கை வைப்பன்," என்று ஒருநாள் சொன்னா. அப்போது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. செய்த வேலை ஒருவருக்காவது பிரயோசனப்படுகிறதே என்று நினைத்தேன்.

மாமனார் சிவபக்தர். கோயில் பரிபாலனத்தில் இருந்தவர். கடும் சைவம், கடும் ஒழுங்கு. குரலை உயர்த்தமாட்டார், கையை நீட்டமாட்டார், பிழையான மனிதர் என்று யாரும் சொல்ல ஏலாது. ஆனால் அந்த வீட்டுக்குள் சினிமாப் பாட்டு வரக்கூடாது. கலியாணமாகி வந்த புதிதில் நான் குசினியில் ஏதோ முணுமுணுத்தேன். அவர் வாசலில் வந்து நின்று, ஒன்றும் சொல்லாமல், தொண்டையைச் செருமிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. பாட்டுச் செயலியில் வேலை செய்கிறவள் வீட்டில் பாட்டுக் கேட்க ஏலாமல் இயர்போனோடு இருந்தேன். நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

அவர் ஒரு விடியப்புறம் கிணற்றடியில் விழுந்தார். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மச்சாளுக்கு உடனே லீவு கிடைக்கவில்லை. செத்தவீட்டை அவ நேரலையில்தான் பார்த்தா. போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சுடலைக்குப் போகும் வழியில் சிக்னல் விட்டுவிட, அப்பாவின் கடைசிப் பயணம் அவவின் திரையில் ஒரு கல்வேலியோடு நின்றுபோனது. அந்திரட்டிக் கிரியைக்கு எப்படியும் வந்துவிடுவேன் என்று அழுதழுது சொன்னா.

பிறகு துடக்குத் தொடங்கியது, மரண வீட்டுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடியும் வரை வீட்டில் விளக்கேற்றிப் பூசை இல்லை, கோயிலுக்குப் போவதில்லை, நல்ல காரியம் எதற்கும் போவதில்லை. பாட்டுக் கூத்தைப் பற்றி யாரும் சொல்லவே தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கூட மரியாதைக்கு டிவிச் சத்தத்தைக் குறைத்து வைப்பார்கள். சொந்தக்காரர் வந்து வந்து போனார்கள். நான் தேத்தண்ணி ஊற்றி ஊற்றி, கோப்பை கழுவிக் கழுவி, பின்னேரத்தில் மீட்டிங்குக்கும் இருந்து இருந்து, நின்ற இடத்தில் நித்திரை கொள்ளுகிற நிலைக்கு வந்திருந்தேன்.

மாமி தன் அறைக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தா. முக்காடு போட்டிருந்தா. இடைக்கிடை போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் ஏதோ குசுகுசுத்தா. அதைப் பார்த்த ஒரு சொந்தக்கார மனிசி கண்ணைத் துடைத்தபடி குசினிக்கு வந்தா.

"பாவம் பிள்ளை, போனிலை இருக்கிற அவற்றை படத்தோடை கதைக்கிறா. மனிசி தாங்கமாட்டா."

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சுடலையில் சாம்பல் அள்ளுகிற காடாத்து முடிந்து இரண்டொரு நாளில், ஒரு மத்தியானம், மச்சாள் எனக்குப் போன் எடுத்தா. கனடாவில் அப்போது விடிந்திருக்காது.

"மச்சாள், ஆர் அங்கை பாட்டுக் கேக்கிறது?"

"என்ன பாட்டு?"

"அம்மாவின்ரை பேரிலை புள்ளி எரியுது. நித்திரை வரேல்லை, தேவாரம் கேப்பம் எண்டு திறந்தனான். அம்மாவின்ரை பேருக்குக் கீழை சினிமாப் பாட்டு. அதுவும் என்ன பாட்டு! காதல் பாட்டு! அப்பாவைக் கொண்டுபோய் எத்தினை நாள்? ஆர் அம்மாவின்ரை போனை வச்சிருக்கிறது?"

நான் கையில் தேத்தண்ணிக் கேத்திலோடு மாமியின் அறையை எட்டிப் பார்த்தேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தா. முக்காட்டுக்குள்ளிருந்து வெள்ளை வயர் ஒன்று இறங்கி மடியில் கிடந்த போனுக்குப் போனது. குசுகுசுத்தது படத்தோடு இல்லை. வாயால் சொன்னால் பாட்டைத் தேடித் தரும் வசதி எங்கள் செயலியில் இருக்கிறது. மாமி என்னைப் பார்த்தா. போனில் யார் கதைக்கிறார்கள் என்பது அவவுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனையோ வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அந்த முகத்தில் பயத்தை நான் கண்டதே இல்லை. அன்று கண்டேன்.

"நான்தான் மச்சாள்," என்றேன். "வேலை விசயம். ஒண்டைச் சோதிச்சுப் பாக்க மாமியின்ரை போனை எடுத்தனான்."

"துடக்கு வீட்டிலை உங்களுக்கு வேலை," என்றா மச்சாள். "அப்பாவின்ரை கட்டை ஆறேல்லை இன்னும். நல்லா இருக்குது மச்சாள். நல்லா இருக்குது."

போனை வைத்துவிட்டா. நான் கேத்திலை வைத்துவிட்டு மாமியிடம் போனேன். மாமி வயரைச் சுற்றித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கோதாரிப் புள்ளியை நான்தானே பச்சையாக்கினேன் என்று என்னிலேயே எரிச்சல் வந்தது. பிறகு கோபப்படவும் களைப்பாக இருந்தது. போய் மிச்சத் தேத்தண்ணியை ஊற்றினேன்.

கதை கனடாவிலிருந்து லண்டனுக்குப் போய், லண்டனிலிருந்து வேலணைக்கு வந்து, எட்டாம் நாள் படையலுக்கு முன்னமே எங்கள் படலைக்கு வந்துவிட்டது. மாமனார் செத்து வீட்டில் துடக்குக் கிடக்க மருமகள் காதல் பாட்டுப் போட்டாளாம். எட்டன்று சமைக்க வந்த பெண்கள் நான் குசினிக்குள் போனதும் கதையை நிறுத்தினார்கள். "படிச்ச பிள்ளையளுக்கு வேலைதான் பெரிசு," என்று ஒருத்தி தேங்காயைப் பார்த்துச் சொன்னா. இந்த ஊரில் இந்த மாதிரிப் பெயர் ஒட்டினால் ஒட்டினதுதான். நாளைக்கு என் பிள்ளைகளின் கலியாணப் பேச்சில்கூட இதைச் சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

கணவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீர் ஏன் அப்பிடிச் செய்தனீர்?"

"வேலை இருந்தது."

"அப்பாவுக்கு உம்மிலை எவ்வளவு பட்சம்."

"ஓம்," என்றேன். கேட்டது அவருடைய தாய்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்? ஆனால் மாமியின் அந்த முகம் கண்ணில் நின்றது. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தேன்.

அடுத்த நாள் வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து மாமிக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"மாமி, போனைத் தாங்கோ. அந்தப் புள்ளியை எப்பிடி அணைக்கிறதெண்டு காட்டித்தாறன்."

தந்தா. படத்தைத் தட்டி, கீழே இறங்கி, கதவுகளைத் திறந்து, கடைசி வரி வரை காட்டினேன். மாமி தானாக இரண்டு முறை செய்து பார்த்தா. பிறகு அணைத்த போனை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கதைக்கத் தொடங்கினா.

"கலியாணம் கட்டி வந்த நாள் துவக்கம் இந்த வீட்டிலை நான் ஒரு பாட்டுக் கேட்டது கிடையாது. அம்மா வீட்டிலை இருந்து ஒரு றேடியோ கொண்டந்தனான். பேந்து அவர் அதைத் தன்ரை தம்பியாருக்குக் குடுத்திட்டார். குடுக்கப்போறன் எண்டுகூடச் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை."

"ம்."

"கூடாத மனிசன் இல்லை. எனக்கு ஒரு குறையும் வைக்கேல்லை. அவர் இல்லாத வீட்டிலை எனக்கு எழும்பி நடக்க ஏலாமல் கிடக்குது. ஆனா அண்டைக்குப் படுத்துக் கிடக்கேக்க ஒண்டு விளங்கிச்சுது பிள்ளை. இனித் தொண்டையைச் செரும ஆளில்லை."

மாமி முக்காட்டு நுனியால் போனைத் துடைத்தா.

"அவருக்காக அழுகிறன். பாட்டையும் கேக்கிறன். இரண்டும் நான்தான் செய்யிறன். உம்மடை புள்ளி பாட்டை மட்டும்தானே சொல்லுது. அழுகிறதைச் சொல்லேல்லையே."

"அணைச்சாச்சு மாமி, இனி ஒருத்தருக்கும் தெரியாது. கேளுங்கோ," என்று மட்டும் சொன்னேன். மாமி தலையாட்டினா. அன்றைக்குப் பிறகும் அவ கேட்டா என்றுதான் நினைக்கிறேன். நான் எட்டிப் பார்க்கவில்லை.

மாமி சொன்னதை நினைத்துக்கொண்டு அந்த வாரம் மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தேன். ஒரு மரண வீட்டில் என்ன நடந்தது என்று பெயர் ஊர் சொல்லாமல் விளங்கப்படுத்தினேன். எங்கள் பக்கத்தில் ஒரு மாதம் பாட்டுக் கேட்பதில்லை, கேட்டால் அது பெரிய அவமரியாதை, ஆனால் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆகவே தயவுசெய்து அந்தச் சுவிட்சை மேலே கொண்டுவாருங்கள் என்றேன். எல்லோருடைய முகமும் உருகிவிட்டது. குழுத் தலைவர் நெஞ்சில் கையை வைத்தார். எவ்வளவு அருமையான விசயம், துக்கத்துக்கு என்றே ஒரு பகுதி செய்யலாமே என்றார். இறந்தவருக்குப் பிடித்த பாட்டுக்களைச் சேர்த்து, அவருடைய படத்தோடு அழகான அட்டையாக்கி, சொந்தபந்தத்துக்கெல்லாம் பகிரலாமே! இன்னொருவர் உடனேயே அதற்கு நிறம் சொன்னார். மெல்லிய நீலமாம்.

சுவிட்சைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நீலத்தில் மாதிரி அட்டை ஒன்று செய்யும் வேலை என் தலையில் விழுந்தது.

அதே வாரம் கல்வெட்டு செய்யும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. அந்திரட்டியன்று வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். வீட்டில் டிசைன் தெரிந்தவள் இருக்கும்போது வெளியே கொடுப்பார்களா? முன்னட்டையில் மாமனாரின் படம், பட்டுச் சால்வையோடு. உள்ளே வாழ்க்கை வரலாறு, தேவாரம், திருவாசகம். மச்சாள் கனடாவிலிருந்து திருத்தம் அனுப்பினா. என்னோடு நேரில் கதைப்பதில்லை, தமையன் மூலம்தான். தாமரை சின்னதாக வேண்டும், எழுத்துப் பெரிதாக வேண்டும், மஞ்சள் கூடிவிட்டது. பின்னேரம் வெளிநாட்டுக்கு நீலம், இரவில் கனடாவுக்கு மஞ்சள். எனக்கு எல்லா நிறமும் வெறுத்துப் போய்விட்டது.

அந்திரட்டிக்கு இரண்டு நாள் இருக்க மச்சாள் வந்து இறங்கினா. தாயைக் கட்டிப்பிடித்து அழுத அழுகையில் எனக்கும் கண் கலங்கியது. நான் தேத்தண்ணி கொண்டுபோனேன்.

"வைச்சிட்டுப் போங்கோ."

அது ஆறி ஆடை படிந்து அப்படியே இருந்தது. நானே எடுத்து ஊற்றினேன். மாமி கதிரையில் இருந்து அந்தக் கோப்பை வந்ததையும் போனதையும் பார்த்துக்கொண்டிருந்தா.

முப்பத்தோராம் நாள் விடிய ஆண்கள் கீரிமலைக்குப் போய்க் கிரியை முடித்து வந்தார்கள். வீட்டில் ஐயர் கிருத்தியம் செய்தார். மத்தியானம் சாப்பாடு. சாப்பிட்டவர்கள் விறாந்தையிலும் ஹோலிலும் இருந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, கல்வெட்டைப் புரட்டினார்கள். மாமனாரின் தமக்கை, எல்லோருக்கும் பெரியவ, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னா:

"வடிவாச் செய்திருக்கு. ஆர் செய்தது?"

நான் வாழையிலைகளைப் பொறுக்கிக்கொண்டு நின்றேன். என் கணவர் வாயைத் திறப்பதற்கு முன் மச்சாள் முந்திக்கொண்டா.

"மச்சாள்தான் பெரிய மாமி. அவவுக்கு உதெல்லாம் நல்லா வரும். துடக்கு வீட்டிலை காதல் பாட்டுக் கேட்டுக் கேட்டுச் செய்தவ."

ஹோலில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லோரும் கல்வெட்டைப் பார்த்தார்கள். என் கையில் இருந்த இலையிலிருந்து ரசம் சேலையில் வடிந்தது. கணவர் நிலத்தைப் பார்த்தார். கடவுளாணை, அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டு இறுப்பிட்டியில் இருக்கிற என் அம்மா வீட்டுக்கு நடந்து போய்விடுவோமா என்று இருந்தது.

அப்போது யாருடையதோ போன் 'டிங்' என்றது. பிறகு இன்னொன்று. பிறகு விறாந்தையில் நாலைந்து சேர்ந்து. எங்கள் குடும்பத்துக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. கனடா, லண்டன், கரம்பொன் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அதில் ஒரு அட்டை வந்திருந்தது. அது என் அட்டை. பாட்டைப் பகிர்ந்தால் போகிற அட்டை, நான் வரைந்தது. கடற்கரையில் ஒரு சோடி கைகோத்து நின்ற படம், கீழே பாட்டின் பெயர், அதற்கும் கீழே நான் வைத்த வரி: 'அம்மா இந்தப் பாட்டை உங்களோடு பகிர்கிறார்.'

எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். அவ மூலையில் இருந்த கதிரையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தா. குரல் எல்லோருக்கும் கேட்டது.

"அவள் இல்லை. அண்டைக்கு இந்தப் பாட்டுக் கேட்டது நான். அவள் எனக்காகப் பழியை ஏத்துக்கொண்டவள். இனி ஒருத்தரும் அவளைக் கதைக்கக்கூடாது."

"அம்மா!" என்றா மச்சாள்.

"ஓம், நான்தான். கொப்பர் உயிரோடை இருக்கேக்க கேக்க ஏலாது. அதாலை இப்ப கேட்டனான்."

மச்சாள் போனோடு எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டா. பெரியவ கண்ணாடியைக் கழற்றிக் கல்வெட்டுக்குள் வைத்துவிட்டு, "சரி, பஸ் போகப்போகுது," என்றா. வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளிக்கிட்டார்கள். அந்திரட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லும் வழக்கம் இல்லை. அது அன்றைக்கு எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. தேங்காயைப் பார்த்துக் கதைத்த பெண் மட்டும் போகும்போது என் கையிலிருந்த இலைகளை வாங்கிக்கொண்டு போனா.

கணவர் எனக்குக் கிட்ட வந்து நின்றார். "ஏன் எனக்காவது சொல்லேல்லை நீர்?" என்றார். "களைப்பாக இருந்தது," என்றேன். பொய் இல்லை.

பின்னேரம் வீடு வெறிச்சென்று கிடந்தது. மச்சாளின் கதவு திறக்கவில்லை. மாமி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து, நிலத்தில் காலை நீட்டிக்கொண்டு இருந்தா. அன்றுதான் மெல்லிய நீல அட்டையைக் காட்டவேண்டிய மீட்டிங். நான் மடிக்கணினியைத் திறக்கவில்லை. சும்மா போனை எடுத்து எங்கள் செயலியைப் பார்த்தேன்.

மச்சாளின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. கீழே அதே பாட்டு.

மாமிக்குக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. சாத்திக் கிடந்த கதவைப் பார்த்தா. திரும்பவும் போனைப் பார்த்தா. அழப்போகிறா என்று நினைத்தேன். அவவின் முகத்தில் மச்சாள் போன் எடுத்த மத்தியானம் கண்ட பயம்தான் திரும்ப வந்தது.

"இது எல்லாருக்கும் தெரியுமோ?"

"அவவைத் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும் மாமி."

"அவளின்ரை மாமியாருக்கும்?"

"ஓம்."

"ஐயோ, தேப்பன்ரை அந்திரட்டியண்டு பாட்டுக் கேக்கிறாள் எண்டு அவளைத் தின்னப்போயினம். அணைச்சுவிடும் பிள்ளை, கெதியா!"

"என்ரை போனிலை இருந்து ஏலாது மாமி. அது அவவின்ரை போனிலைதான் செய்யலாம்."

மாமி நிலத்தில் கையை ஊன்றி எழும்பினா. நடந்துபோய்க் கதவைத் தட்டினா.

"பிள்ளை, கதவைத் திற. ஒண்டும் கேக்கமாட்டன். உந்தப் போனை ஒருக்காத் தா, ஒண்டு காட்டித்தரோணும்."

கதவு திறந்தது. கொஞ்ச நேரத்தில் மாமியின் குரல் மட்டும் கேட்டது, நான் சொல்லிக்கொடுத்த அதே ஒழுங்கில். "முதல்லை உன்ரை படத்தைத் தட்டு. இப்ப கீழை போ. இன்னும் கீழை. அதைத் திற. அதில்லை, மற்றது. இன்னும் கீழை போ."

என் போனில் மச்சாளின் புள்ளி அணைந்தது. அதற்குப் பிறகு அவர்கள் பாட்டை நிறுத்தினார்களா, இருந்து கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது.